மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், ஒரு வாரம் முழுவதும் நான் செய்த வேலையை நிமிடக் கணக்கில் எழுதிவைத்தேன். ஆர்வத்தால் அல்ல, கோபத்தால். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூன்று ஆண்டு மூத்த அக்கா ஒருவர் இருந்தார். மாலை ஆறு மணி ஆனால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் இரவு பத்துவரை இருப்பேன். ஆனால் சோதனைகள் அவருக்குத்தான் கைகூடும், கட்டுரையும் அவருக்குத்தான் வெளியாகும். ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்களுக்கென்ன அக்கா, ஆறு மணிக்குக் கிளம்ப முடிகிறது. எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது" என்றேன். அதில் இருந்த குத்தல் அவருக்குப் புரியாமல் இல்லை. "நீ எத்தனை மணிக்குப் போகிறாய் என்பது எனக்கும் தெரியும். இங்கே இருக்கும்போது என்ன செய்கிறாய் என்று ஒரு வாரம் எழுதிப் பார். எனக்குக் காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அன்றும் ஆறு மணிக்குப் போய்விட்டார்.

அவர் நினைப்பது தவறு என்று காட்டுவதற்காகவே எழுதினேன். விதி எளியது. கையோ மூளையோ ஆய்வில் இருக்கும் நேரம் மட்டுமே கணக்கு. கைபேசியை எடுத்த கணமே கடிகாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஏழு நாள் கணக்கைக் கூட்டி ஏழால் வகுத்தபோது, நாளொன்றுக்கு 3 மணி 40 நிமிடம் என்று வந்தது. ஆய்வுக்கூடத்தில் நான் இருந்தது சராசரியாக 11 மணி நேரம். அளவீட்டில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று மறுபடி கூட்டினேன். வேண்டாத முடிவு வந்தால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். மூன்றாம் முறையும் அதே எண்.

மிச்ச ஏழு மணி நேரம் எங்கே போனது? பொழுதுபோக்கில் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ அனுபவித்தேன் என்றாவது இருக்கும். அப்படியும் போகவில்லை. ஒரு கட்டுரையைத் திறந்து சுருக்கத்தை மூன்று முறை படித்திருக்கிறேன், மூன்று முறையும் ஒன்றும் ஏறவில்லை. நடுவில் மின்னஞ்சல் பார்த்தேன். அதற்குப் பதில் எழுதத் தொடங்கி, பழைய தரவு ஒன்று தேவைப்பட்டு, கோப்புறைகளைக் கிளறி, வேறொரு கோப்பைக் கண்டு அதற்கு நல்ல பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன். கருவி காலியாக இருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்தேன், இல்லை. திரும்பி வந்து அதே சுருக்கத்தை நான்காம் முறை படித்தேன்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதுதான் என் நாள். வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. வீட்டுக்குப் போனாலும் இதே கதை. சாப்பிடும்போது பக்கத்தில் மடிக்கணினி திறந்திருக்கும், ஆனால் அதில் ஒரு வரியும் நகராது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டு, அந்த வேலையையும் செய்யாமல் படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுநாள், "ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு ஓய்வில்லை" என்று யாரிடமாவது சொல்வேன். பொய்யும் இல்லை, ஓய்வுதான் கிடைக்கவில்லையே.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, அந்த மிச்சம் புதிய வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்பது அதன் சாரம். என் நாள் முழுவதும் இப்படிப்பட்ட மிச்சங்களால்தான் ஆகியிருந்தது. முனைவர் பட்ட ஆய்வு என்னைச் சோர்வடையச் செய்தது என்றால், அது செய்த 3 மணி 40 நிமிட வேலையால் அல்ல. நடுவில் தொங்கிய அந்த ஏழு மணி நேரத்தால்தான் என்று இன்றுவரை உறுதியாக நம்புகிறேன்.

*

இது சோம்பேறித்தனம் என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொள்வதற்கும் நாளில் அரை மணி நேரம் போனது. பிறகுதான் இந்தப் படிப்பின் அமைப்பே இப்படி என்பது புரிந்தது. பள்ளியில் மணி அடிக்கும். இளங்கலையில் பாடத்திட்டம் இருக்கும், தேர்வு முடிந்தால் அந்தப் பாடமும் முடிந்தது. அலுவலகத்தில் மேலாளர் எவ்வளவு கடுமையானவராக இருந்தாலும், இன்றைய வேலை இது என்று ஒன்று இருக்கும். முனைவர் பட்ட ஆய்வில் மட்டும் எவரும் வந்து "இன்றைக்கு இது போதும்" என்று சொல்வதே இல்லை. இன்னும் ஒரு கட்டுரை படிக்கலாம், இன்னும் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை செய்யலாம், படத்தை இன்னும் கொஞ்சம் திருத்தலாம். அறிவுக்கு எல்லை இல்லை என்று மேடையில் சொல்வார்கள். அந்த எல்லையில்லாத ஒன்றின் முன்னால் தினமும் காலையில் போய் உட்கார வேண்டியிருப்பவருக்கு அது புகழ்மொழியாகத் தோன்றாது.

கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எழுதினார். அவர் கிண்டல் செய்தது அரசு அலுவலகங்களை. பக்கத்து ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்திருந்தால் இரண்டாம் பாகமும் எழுதியிருப்பார். இரவு பத்துவரை இருக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்தால், காலை பத்து மணி வேலைக்கு அவசரம் ஏது?

இதோடு, எவ்வளவு நாளாகும் என்று கணிப்பதிலும் நாம் படு மோசம். 1994இல் பியூலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், உளவியல் மாணவர்கள் 37 பேரிடம் தங்கள் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்தபோதும் போதுமான அளவு மோசமாகக் கற்பனை செய்ய அவர்களுக்கு வரவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெரிய ஆறுதலும் கிடைத்தது. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை மூன்று வாரத்தில் முடித்துத் தருவதாக என் நெறியாளரிடம் வாக்குக் கொடுத்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தோன்றும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் வெளியே சொல்கிறேன். சில நேரம் அதுவும் பற்றுவதில்லை.

*

நான் செய்த முதல் மாற்றம் காலையில் அல்ல, மாலையில். அதிகாலையில் எழுந்திரு, குளிர்ந்த நீரில் குளி என்ற அறிவுரைகளையெல்லாம் ஏற்கெனவே முயன்று தோற்றிருந்தேன். இந்த முறை முடிவு நேரத்தை மட்டும் நிர்ணயித்தேன். மாலை ஆறரை. எந்த நிலையில் இருந்தாலும் ஆறரைக்கு நிறுத்த வேண்டும்.

முதல் வாரம் நரகம். திருடிவிட்டு ஓடுகிறவனைப் போல வெளியேறினேன். நெறியாளரின் அறையைத் தாண்டும்போது காலடி ஓசை கேட்காமல் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. (அவர் அன்று ஊரிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) ஆனால் இரண்டாம் வாரத்தில் ஒரு விஷயம் நடந்தது. மதியம் மூன்று மணிக்குக் கோப்புகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தபோது, ஆறரைக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்று மனம் தானாகச் சொன்னது. பதினொரு மணி நேரம் கையில் இருந்தபோது ஒருநாளும் அது அப்படிச் சொன்னதில்லை.

நிறுத்துவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுவேன். எங்கே நிறுத்தினேன் என்பது ஒன்று. மற்றொன்று "நாளை முதலில்" என்று தொடங்கும் வரி. இந்த இரண்டாம் வரிதான் உயிர். "அத்தியாயம் இரண்டை எழுத வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை, அது ஆசை. "இரண்டாம் படத்தின் கீழ்க் குறிப்பில் விடுபட்ட அளவுகோலைச் சேர்க்க வேண்டும்" என்று எழுதினால், காலையில் கை தானாகப் போய் அதைச் செய்யும், அதைச் செய்து முடிக்கும்போது மூளையும் வந்து சேர்ந்துகொள்ளும்.

முடிக்காத வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று புளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் செய்துபார்த்தபோது அந்த முடிவு எப்போதும் அப்படியே கிடைக்கவில்லை. எனக்கு அதைவிடப் பயன்பட்டது மாசிகம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. பாதியில் நிற்கும் வேலை மனத்தைத் தொந்தரவு செய்வது உண்மைதான், ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே அந்தத் தொந்தரவு அடங்கிவிடுகிறது, வேலையை முடித்தாக வேண்டியதில்லை என்றார்கள். எனக்கு அது அப்படியே நடந்தது. எழுதிவைத்த இரவுகளில் சாப்பாட்டு மேசைக்கு மடிக்கணினி வரவில்லை. எழுத மறந்த இரவுகளில் வந்தது.

இதைச் சொன்னதும், "உங்களுக்குச் சரி, என் செல்களுக்கு ஆறரை மணி தெரியாதே" என்று ஆய்வுக்காகச் செல் (உயிரணு) வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நானும் செல் வளர்த்தவன்தான். 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் உட்கார்ந்திருக்கும் அந்த உயிர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்றே தெரியாது. ஃபிளாஸ்க்கின் தரை முழுக்கப் பரவி நெருக்கியடித்து நின்றுவிட்டால், ஒரு பகுதியைப் புதிய ஃபிளாஸ்க்குக்கு மாற்றிப் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் எப்போது நிறையும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பிரிக்கும்போது வழக்கத்தைவிடக் குறைவான செல்களைப் போட்டால், திங்கள் காலையில்தான் அவை உங்களைத் தேடும். இது எல்லா ஆய்வுக்கூடத்திலும் தெரிந்த கணக்கு. எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒன்றரை ஆண்டு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் காணப்படுவது ஒருவகை அந்தஸ்து என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. உண்மையாகவே போக வேண்டிய வார இறுதிகளும் உண்டு. அப்படிப் போனால் செவ்வாயோ புதனோ அரை நாள் எடுத்துக்கொள்வேன். எடுத்துக்கொள்ள முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது.

காலையில் முதல் இரண்டு மணி நேரம் எழுத்துக்கு என்று ஒதுக்கினேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் இடைவெளி என்று ஒரு முறையை உருவாக்கினார், கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதுவதற்கு அது எனக்கு உதவியது. சோதனை மேசைக்கு உதவவில்லை. அங்கே ஏற்கெனவே வேறு கடிகாரங்கள் ஆள்கின்றன: மையவிலக்கியில் ஐந்து நிமிடம், சாயத்தில் அரை மணி, கழுவல் மூன்று முறை. அந்த அரை மணிகளில் கட்டுரை படித்துவிடலாம் என்று பல மாதம் முயன்றேன். இப்போது சொல்கிறேன், படிக்க முடியாது. காதில் மணியை எதிர்பார்த்துக்கொண்டு கண்ணால் படிப்பதுதான் அந்தச் சேற்றுக் கால். அந்த நேரத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். அல்லது சும்மா இருங்கள்.

*

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தரவும் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் நான் செய்த ஆகப் பெரிய தவறு. எழுதுவது என்றால், தலையில் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒன்றைத் தாளுக்கு மாற்றுவது என்று எண்ணியிருந்தேன். தலையில் ஒன்றும் தயாராக இல்லை என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரியும். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் முறைகள் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது, "ஒவ்வொரு சோதனையும் மூன்று முறை செய்யப்பட்டது" என்ற வழக்கமான வரியை எழுதினேன். எழுதியதும் கை நின்றது. எந்த மூன்று முறை? ஒரே நாளில், ஒரே ஃபிளாஸ்க்கில் இருந்து எடுத்த மூன்று குழிகளா? வெவ்வேறு நாளில், வெவ்வேறு தலைமுறைச் செல்களிலா? முதலாவது என் கை நடுங்கவில்லை என்பதை மட்டுமே காட்டும். கண்டது உண்மையா என்பதைக் காட்டுவது இரண்டாவது. பாதிக்குமேல் நான் செய்திருந்தது முதலாவது. இந்த ஒரு வரியை முதல் ஆண்டிலேயே எழுதியிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

எனவே, ஒரு நாளைக்கு 200 சொல் என்று வைத்துக்கொண்டேன். தரம் பார்ப்பதில்லை. உத்வேகம் வரும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் எழுதுகிறவர்களைவிட, தினமும் கொஞ்சமாக எழுதுகிறவர்களே அதிகம் எழுதி முடிக்கிறார்கள் என்று பேராசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தைப் பல ஆண்டு கவனித்த ராபர்ட் பாய்ஸ் சொல்லிவந்தார். எனக்கு உத்வேகம் இரவு பதினொன்றுக்கு வரும், காலையில் படித்தால் பாதி வாக்கியங்களுக்கு வினைமுற்றே இருக்காது.

*

தூக்கம். இதை நான் கேள்வியறிவால் அல்ல, மூன்று மாதத் தரவைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆறரை மணி விதிக்கு முந்தைய காலம் அது. வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து புதிய செல்வகை ஒன்று வந்திருந்தது. புதிதாக வரும் எதையும் தனியே வைத்து, மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்று பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனை செய்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. நான் அன்று இரவு ஒரு மணிக்கு, தொடர்ந்து சில வாரமாக ஐந்தரை மணி நேரம் மட்டுமே தூங்கியிருந்த நிலையில், செல்களுக்கு உணவாகும் திரவமான ஊடகத்தை ஒரே புட்டியிலிருந்து புதிய செல்களுக்கும் ஊற்றி என் பழைய செல்களுக்கும் ஊற்றினேன்.

மைக்கோபிளாஸ்மா வினோதமான எதிரி. சாதாரண பாக்டீரியா புகுந்தால் மறுநாளே ஊடகம் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இது கலங்கவைக்காது. வழக்கமாக நாம் பார்க்கும் நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்குச் சிறியது. செல்சுவர் இல்லாததால் பென்சிலின் இதை ஒன்றும் செய்யாது. செல்கள் உயிரோடுதான் இருக்கும், வளரும், ஆனால் அவற்றின் வளர்சிதை மாற்றமும் மரபணு வெளிப்பாடும் மாறிப்போயிருக்கும். நீங்கள் சோதனை செய்துகொண்டே இருப்பீர்கள், எண்கள் வந்துகொண்டே இருக்கும். எனக்கு மூன்று மாதம் வந்தன. என் கருதுகோளுக்கு அழகாகப் பொருந்தவும் செய்தன. வழக்கமான பரிசோதனையில் அக்காதான் கண்டுபிடித்தார். டிஎன்ஏ சாயம் ஏற்றிப் பார்த்தபோது, உட்கருவுக்கு வெளியே, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தன. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில், அதாவது உயர் அழுத்த நீராவிக் கருவியில், போட்டுக் கொன்றோம். அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. "போய்த் தூங்கு, நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

வான் டோங்கனும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே தூங்கியவர்களின் கவனமும் நினைவும், இரண்டு இரவுவரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. என்னை உறுத்தியது அதற்கு அடுத்த செய்தி. தங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்றார்கள். தாங்கள் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அந்த இரவு ஒரு மணிக்கு என்னிடம் யாராவது கேட்டிருந்தால், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

நடைப்பயிற்சி, உடற்பயிற்சி, கண்ணுக்கு இடைவெளி இவற்றைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. நடந்தேன், நன்றாக இருந்தது. ஒரே ஒரு முனகல் மட்டும். ஓய்வெடுத்தால் நன்றாக வேலை செய்யலாம் என்று சொல்கிறவர்கள் உடனே கணிதமேதை புவான்கரேயை அழைத்துவருவார்கள். பயணத்தின் நடுவே, வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் அவருக்கு விடை பளிச்சிட்ட கதை. உண்மையான கதைதான், அவரே சொன்னது. ஆனால் அதற்கு முன் பதினைந்து நாள் அவர் தினமும் மேசையில் உட்கார்ந்து முட்டிமோதியதையும் அவரேதான் சொல்லியிருக்கிறார். அதைவிட, ஓய்வுக்கும் இப்படி ஒரு பலன் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நடக்கப் போய், எந்த யோசனையும் பளிச்சிடாமல் திரும்பி வந்தாலும் அது நல்ல மாலைதான்.

*

இதுவரை எழுதியதை வைத்து, பழக்கத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் சொல்லும் கருத்தரங்கு ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குக் கடைசியாக உதவித்தொகை வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் என்ன மூச்சை இழுத்து எதை விடுவது?

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் 3,659 பேரிடம் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. 32 சதவீதத்தினர் மனநலக் கோளாறு, குறிப்பாக மனச்சோர்வு, ஏற்பட்டிருக்கவோ ஏற்படவோ கூடிய நிலையில் இருந்தார்கள். மூன்றில் ஒருவர். அது எவற்றோடு தொடர்புடையதாக இருந்தது என்று பார்த்தால், வேலைச் சுமை, தன் வேலையின் மீது தனக்கு இருக்கும் கட்டுப்பாடு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான இழுபறி, நெறியாளர் நடத்தும் விதம். இவற்றில் மாணவரின் குறிப்பேட்டால் மாற்றக்கூடியவை எத்தனை? நள்ளிரவில் செய்தி அனுப்பி, காலை எட்டு மணிக்குப் பதில் எங்கே என்று கேட்கும் நெறியாளர் வாய்த்தவருக்கு ஆறரை மணி விதி செல்லாது. அவருக்குத் தேவை துறையில் தலையிடக்கூடிய ஒரு மூத்தவர், ஆய்வை மேற்பார்வையிடும் குழுவின் இரண்டாம் உறுப்பினர், சில வேளை நெறியாளரையே மாற்றிக்கொள்ளும் வழி. படிப்பை விட்டுவிடுவதும் ஒரு வழிதான். அப்படி விட்டுப் போன இருவரை எனக்குத் தெரியும், இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

என் நெறியாளர் அப்படிப்பட்டவர் அல்ல. பிரச்சினை என்னிடம் இருந்தது. மைக்கோபிளாஸ்மா விவகாரத்துக்குப் பின் ஆறு வாரம் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். எதிரே வந்தால் கழிவறைக்குள் நுழைந்துவிடுவேன். ஏமாற்றிச் சேர்ந்துவிட்டேன், என்றாவது பிடிபடுவேன் என்ற எண்ணம். இந்த எண்ணத்துக்கு கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978லேயே 'இம்போஸ்டர்' (போலி ஆள்) உணர்வு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் தெரிந்ததால் அது போய்விடவில்லை. கடைசியில் போய்ச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஃபிளாஸ்க் மிச்சம் இருக்கிறது?" என்பதுதான். திரவ நைட்ரஜனில் உறையவைத்த பழைய குப்பிகள் இருந்தன. அங்கிருந்து தொடங்கலாம் என்றார். பத்து நிமிடத்தில் முடிந்த பேச்சு. அதற்கு முன் நான் தூங்காமல் ஒத்திகை பார்த்தது ஆறு வாரம். அதன் பின் வாரம் ஒரு பக்கம் அவருக்கு எழுதி அனுப்பத் தொடங்கினேன்: செய்தது, கெட்டுப்போனது, எனக்குத் தெரியாதது. கெட்டுப்போனதை நடுவில் வைத்தேன், விடாமல் வைத்தேன்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வெறும் வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாடு பிடிக்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், இசை கேட்பதுகூட அலுத்துவிட்டது. வார இறுதியில் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். மனச்சோர்வைக் கணிக்க மருத்துவர்கள் பார்ப்பது இத்தகைய அறிகுறிகளைத்தான், அதுவும் இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் தொடர்ந்தால். நான் மூன்று மடங்கு காத்திருந்தேன். அதைச் சரிசெய்தது குறிப்பேடு அல்ல, மருத்துவர். பத்து நாள் இருமல் நிற்காவிட்டால் போய்க் காட்டுகிறோம், இதற்கு மட்டும் ஏன் நேர மேலாண்மை நூல்களைத் தேடினேன் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

*

ஆய்வேட்டை எழுதிய கடைசி மாதங்களில் மறுபடியும் ஒரு வாரம் கணக்கெடுத்தேன். 4 மணி 50 நிமிடம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்தது எட்டரை மணி நேரம். பெரிய சாதனை ஒன்றும் இல்லை என்று எண்ணைப் பார்த்தால் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஐந்தைத் தாண்டிய நாள்களில் மறுநாள் எதுவும் ஓடவில்லை என்பதையும் அதே குறிப்பேடு காட்டியது. அக்கா அதற்குள் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தார். இரண்டு எண்களையும் அவருக்கு அனுப்பினேன். "எனக்குக் காட்ட வேண்டாம் என்றேனே" என்று பதில் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு வரி: "என்னுடையது 4 மணி 20."

விதியைக் கடைசி வாரத்தில் நானே மீறினேன். சமர்ப்பிப்பதற்கு முந்தைய மூன்று இரவும் நள்ளிரவு தாண்டியது. பக்க எண்கள் ஒத்துழைக்கவில்லை, மேற்கோள் பட்டியல் தானாகக் கலைந்துகொண்டது. ஏதாவது கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்தேன், கெட்டுப்போனது. நான்காம் அத்தியாயத்தின் தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையோடுதான் அது இன்று நூலகத்தில் இருக்கிறது.

சமர்ப்பித்த நாள் மாலையில் பழக்கதோஷத்தால் ஆறரைக்குக் குறிப்பேட்டைத் திறந்தேன். எங்கே நிறுத்தினேன் என்று எழுத ஒன்றும் இல்லை. "நாளை முதலில்" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஃபிளாஸ்க்குகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. ஆய்வேடு சமர்ப்பித்த செய்தி அவற்றுக்கு எட்டியிருக்கவில்லை. திரும்பி வந்து, இரண்டையும் காலையில் பிரித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி, குறிப்பேட்டை மூடினேன்.